மதுரைக்குக் கடல் வந்த கதையும் சுனாமியும்

மதுரைக்குச் சுனாமி வருமா? சிரிக்க வேண்டாம். 2004 டிசம்பருக்குப் பிறகு இங்கே பலரும் கேட்ட கேள்விதான் இது. பதில் எளிது, வராது. நம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கு மேல் உயரத்தில், கடற்கரையை விட்டு வெகு தூரம் உள்ளே இருக்கிறது. ஆனால் கடல் பொங்கி வந்த கதைகள் மதுரையைப் போல வேறு எந்த ஊருக்கும் இருக்காது!

இறையனார் களவியல் உரையின்படி முதல் சங்கம் இருந்த தென்மதுரையைக் கடல் கொண்டது. அடுத்த சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது. மூன்றாவதுதான் இன்றைய மதுரை. திருவிளையாடற் புராணத்தில் 'கடல் சுவற வேல் விட்ட படலம்' என்றே ஒரு பகுதி உண்டு. மதுரையை அழிக்கக் கடல் பொங்கி வருகிறது. சொக்கநாதர் உக்கிர பாண்டியனின் கனவில் வந்து எச்சரிக்கிறார். பாண்டியன் வேலை எறிகிறான், கடல் வற்றுகிறது.

இந்தக் கடல்கோள் எல்லாம் சுனாமிதானா? அப்படிச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. சுனாமி சில மணி நேரம் ஊருக்குள் புகுந்து அழித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். நிலத்தை நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அபூர்வம். கடல் நிலத்தைக் கொள்ள வேறு வழிகளும் உண்டு. பனியுகம் முடிந்தபோது பல ஆயிரம் ஆண்டுகளில் உலகக் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் உயர்ந்தது. இன்னொன்று புயல். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது சுனாமி அல்ல, புயல் தள்ளிவந்த கடல்நீர். அன்று பாம்பனிலிருந்து போன ரயிலில் இருந்த 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அப்படியானால் சுனாமி எங்கே வரும்? பூமியின் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடங்களில்தான் பெரும்பாலும். அங்கே பெரிய நிலநடுக்கம் வந்து கடலடித் தரை சட்டென்று உயர்ந்தால், மேலே உள்ள தண்ணீர் முழுவதும் அசையும். உலகின் சுனாமிகளில் பெரும்பகுதி பசிபிக்கைச் சுற்றித்தான். இந்தியப் பெருங்கடலில் இரண்டு முக்கிய இடங்கள்: சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை நீளும் பள்ளம், பாகிஸ்தான் கரையோர மக்ரான் பகுதி. மக்ரானில் 1945 நவம்பரில் எழுந்த சுனாமி மும்பை வரை வந்தது. நம் கரைக்கும் சுனாமி புதிதல்ல. 1881 டிசம்பர் 31 கார் நிகோபார் நிலநடுக்கத்தின் அலையும், 1883 கிரகடோவா எரிமலை அலையும் சென்னை அலைமானியில் பதிவாகின. ஆனால் இரண்டும் இங்கே சிறிய அலைகள். அதனால் மறந்துபோனோம்.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது. அளவு 9.1. கடலடியில் 1200 கி.மீ.க்கு மேல் பிளவு. நாலாயிரம் மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்குச் சுமார் 700 கி.மீ. வேகத்தில் ஓடும், ஒரு விமானம் போல. இருந்தும் தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் கடற்கரையில் பெரும்பாலானோருக்குச் செய்தி வந்து சேரவில்லை. தமிழகத்தில் சுமார் 8000 பேர் இறந்தார்கள். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல். நமக்கு அருகில் உள்ள ராமநாதபுரம், தூத்துக்குடி கரைகளுக்கு இலங்கை ஓரளவு கேடயமாக நின்றது. ஆனால் அலை இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து வந்து குளச்சலை அடித்தது. எனவே தீவு மறைக்கும் என்று நம்பியும் இருக்க முடியாது.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. அங்கே 1907இல் ஒரு சுனாமி வந்து பலரைக் கொன்றது. அதை அந்த மக்கள் 'ஸ்மோங்' என்று பெயரிட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு, அவ்வளவுதான் கதை. 2004இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், எழுபதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான்!

நமக்கோ ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கடல்கோள் கதைகள். ஆனால் அவற்றில் நாம் நினைவில் வைத்தது மன்னனின் வேலையும் மூழ்கிய சங்கத்தின் பெருமையையும்தான். கனவில் வந்த எச்சரிக்கையை விட்டுவிட்டோம். 2004இல் கடல் உள்வாங்கியபோது நம் கரைகளில் பலர் அதை வேடிக்கை பார்த்து நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது ஆபத்து என்று சொல்லித் தரும் பாட்டு அவர்களிடம் இல்லை.

2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நல்ல விஷயம். ஆனால் எச்சரிக்கை எல்லா நேரமும் எல்லாருக்கும் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. மதுரையில் இருக்கும் நாம் விடுமுறை என்றால் ராமேஸ்வரம், கன்னியாகுமரி, திருச்செந்தூர் என்று கடலுக்குத்தான் போகிறோம். அதனால் இதை மட்டும் ஞாபகம் வையுங்கள் நண்பர்களே: கரையில் நிலம் பலமாக ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலோ, நின்று பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். முதல் அலையோடு முடிந்தது என்று இறங்கி வராதீர்கள், அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். நம்மிடம் உக்கிர பாண்டியனின் வேல் இல்லை. கால்கள் இருக்கின்றன.