குறுமரமும் நெடிய உழைப்பும்: போன்சாய்க் கலையின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

யப்பானியர் ‘போன்சாய்’ எனவும் சீனர் ‘பென்சிங்’ எனவும் வழங்கும் சாடிமரக் கலை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றைச் சார்ந்தே நிற்பர். முதலாவது, அதனைக் கீழைத்தேய ஆன்மிகத்தின் வெளிப்பாடாகவும் காலங்கடந்த இயற்கைக் காதலின் கனியாகவும் காண்பது. இரண்டாவது, முற்போக்கு வட்டாரங்களிற் செல்வாக்குப் பெற்றது. வேர் தறித்து, கிளை நறுக்கி, கம்பி சுற்றிக் குறுக்கப்பட்ட மரத்தை, அடக்கப்பட்ட மனிதரின், சிறப்பாக அடக்கப்பட்ட பெண்ணின், குறியீடாகக் கொள்வது. முதலாவது நோக்கு மரத்தை வரலாற்றிலிருந்து பிரித்துவிடுகின்றது. இரண்டாவது அதனை உவமையாக்கிவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றது. இரண்டுமே கேட்க மறக்கும் வினா ஒன்றுண்டு: இம்மரத்துக்கு நாள்தோறும் நீர் வார்த்தவர் யார்?

இவ்வினா ஏட்டுப் படிப்பினின்று மாத்திரம் எழுவதன்று. இக்கலையிற் புதிதாக ஈடுபடுவோர் பலருக்கு நேரும் எளிய அனுபவமொன்றும் இதனை எழுப்புகின்றது. ஆசையோடு வாங்கிய குறுமரம் சில கிழமைகளிற் பட்டுப்போகின்றது. வாங்கியவர் அதனை முடிவுற்ற ஒரு கலைப்பொருளாக எண்ணி, வரவேற்பறை மேசைமீது வைத்துவிட்டார். உண்மையில் அவர் வாங்கியது, இடையறாது தொடரவேண்டிய உழைப்பின் ஒரு கட்டத்தையே. சிலையும் ஓவியமும் கலைஞன் கையை விட்டு நீங்கிய பின்னரும் நிலைத்திருப்பன. போன்சாயோ உழைப்பு நின்ற மறுகணமே அழியத் தொடங்குவது. ஆதலின் அதன் வரலாற்றை உழைப்பின் வரலாறாக எழுதாதவிடத்து, அது உடைமையாளர் பெயர்ப்பட்டியலாகவே எஞ்சும்.

2

‘போன்சாய்’ என்னும் சொல்லுக்குத் தட்டையான சாடியில் நடப்பட்டது என்பதே பொருள். சொல்லும் கலையும் சீனத்திலிருந்து யப்பானுக்குச் சென்றவை. தாங் வமிசத்து இளவரசர் சாங்குவாய்க்கு 706 ஆம் ஆண்டில் ஷான்சி மாகாணத்திலே அமைக்கப்பட்ட கல்லறை 1970களின் தொடக்கத்தில் அகழப்பட்டது. அதன் சுவரோவியமொன்றில், சிறு கற்களும் செடிகளும் கொண்ட தட்டத்தை ஏந்திவரும் ஏவலாள் ஒருவரின் உருவம் காணப்படுகின்றது. இக்கலைக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஓவியச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. இளவரசரின் பெயரும் பட்டமும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. தட்டம் ஏந்தியவருக்குப் பெயரில்லை. இக்கலையின் வரலாறு முழுவதற்கும் இவ்வோவியமே முகவுரையாக அமைந்துவிட்டது எனலாம்.

யப்பானில் 1309 ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட கசுகா ஆலயத்துச் சுருளோவியத்திலே, செல்வர் மனையொன்றின் முற்றத்தில் சாடிமரங்கள் வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். எனினும் நிலமானிய சமூகம் இம்மரங்களை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதை அறிய ஓவியத்திலும் பார்க்க நாடகமே துணைபுரிகின்றது. மூரோமாச்சிக் காலத்தைச் (1336-1573) சேர்ந்த ‘நோ’ நாடகங்களுள் ஒன்று ‘ஹச்சி நோ கி’. சாடிமரம் என்பது அதன் பொருள். உறவினரால் நிலம் பறிக்கப்பட்டு வறுமையுற்ற சாமுராய் ஒருவன், பனி கொட்டும் இரவிலே தன் குடிசைக்கு வந்த துறவிக்குக் குளிர்காய விறகின்றி, தான் போற்றி வளர்த்த பிளம், செரி, பைன் ஆகிய மூன்று சாடிமரங்களையும் வெட்டி எரிக்கின்றான். துறவியாக வந்தவர் கமக்குரா அரசின் முன்னாள் ஆட்சியாளரான ஹோஜோ தொக்கியோரி. பின்னர் படைக்கு அழைப்பு வந்தபோது கிழிந்த கவசத்தோடும் மெலிந்த குதிரையோடும் அச்சாமுராய் வந்து நிற்க, பறிபோன நிலம் அவனுக்கு மீட்டளிக்கப்படுகின்றது. அத்தோடு, எரிக்கப்பட்ட மரங்களின் பெயர்களைத் தாங்கிய மூன்று நிலப்பகுதிகளும் பரிசாகக் கிடைக்கின்றன.

இந்நாடகம் விருந்தோம்பலின் பெருமை பாடுவதாகவே பெரிதும் பாராட்டப்பட்டு வந்துள்ளது. ஆயின் அதன் கணக்கு நோக்கற்பாலது. மூன்று மரங்களுக்கு மூன்று நிலங்கள். வீரன் தன் உடைமையைத் தலைவனுக்கு ஈய, தலைவன் நிலத்தை வீரனுக்கு ஈகின்றான். நிலமானிய உறவின் அடிப்படை இதுவே. அந்நிலங்களை உழுது நெல் விளைவிப்போர் நாடக மேடையில் இல்லை. சாடிமரம் இங்கு இயற்கையின் குறியீடு அன்று, நிலவுடைமையின் குறியீடு. நிலமிழந்தவன் சாடியிலே காத்துவந்தது, இழந்த நிலத்தின் சிற்றுருவத்தையே.

3

மரத்தை அடக்குமுறையின் உருவகமாகக் காணும் நோக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. சிங் அரசின் நெருக்கடிக் காலத்தில் வாழ்ந்த சீர்திருத்தச் சிந்தனையாளரான கொங் சிசென் (1792-1841), அபினி யுத்தம் மூளவிருந்த 1839 ஆம் ஆண்டிலே, நோயுற்ற பிளம் மரங்களுக்கான இல்லமொன்றைப் பற்றிக் குறுங்கட்டுரையொன்று எழுதினார். வளைந்த மரமே அழகு, நேரிய மரம் அழகன்று என்பது படித்தோர் சுவை. அச்சுவையை அறிந்த வணிகர், நல்ல விலை பெறும்பொருட்டு, நேரிய கிளைகளை வெட்டி இளந்தளிரைக் கிள்ளி மரங்களை நோயுறச் செய்கின்றனர் என்பது அவர் கூற்று. முந்நூறு சாடிகளை விலைக்கு வாங்கி, அவற்றை உடைத்து, கட்டுகளை அவிழ்த்து, மரங்களை நிலத்தில் நட்டு, ஐந்தாண்டுகளில் அவற்றைக் குணப்படுத்துவதாக அவர் உறுதி பூணுகின்றார். அறிஞரின் ஆளுமையை நசுக்கிய எதேச்சாதிகாரமே அவர் தாக்கிய இலக்கு என்பது வெளிப்படை.

கொங்கின் உருவகத்தைப் பிற்காலத்து உருவகங்களினின்றும் வேறுபடுத்துவது அதன் பொருளியற் கூர்மையே. சுவை, சந்தை, விலை ஆகிய மூன்றினதும் தொடர்பை அவர் கண்டார். ஆயினும் அவருடைய சித்திரத்தில் வாங்குவோரும் விற்போரும் உளரேயன்றி வளர்ப்போர் இலர். அன்றியும், கட்டவிழ்ந்த மரம் தானாகவே தன் முழுமையை அடையும் என்னும் நம்பிக்கை, மனிதத் தலையீடற்ற தூய இயற்கை ஒன்றுண்டு என்னும் கருத்துமுதல்வாதத்துக்கு நெருங்கியது. அவர் காலத்தில் அது போர்க்குரல். அதே உருவகத்தை ஆய்வின்றி இன்று நாம் மீட்டும் மீட்டும் சொல்லும்போது, அது வெறும் வாய்பாடாகிவிடுகின்றது.

4

தொக்குகாவா ஆட்சிக்காலத்தில் (1603-1868) சாடிமரம் இரு திசைகளிற் சென்றது. ஒருபுறம் அது ஆட்சியாளர் அரண்மனையில் இடம்பெற்றது. மூன்றாம் ஷோகன் இயெமித்சுவுக்கு உரியதாயிருந்தது எனப்படும் பைன் மரம், அவர் பெயராலேயே வழங்கப்பட்டு, இன்றும் அரச மாளிகைச் சேகரிப்பில் உள்ளது. மறுபுறம், எடோ நகரின் பெருக்கத்தோடு சொமெய், டாங்கொசாக்கா முதலிய இடங்களிலே தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் வளர்ந்தன. மாளிகைத் தோட்டங்களைப் பேணியோர் படிப்படியாக நகரமாந்தருக்கும் செடிகளை விற்கலாயினர். சாடிமரம் பண்டமாகியது.

மெய்ஜிக் காலத்தில் அது உலகச் சந்தையை அடைந்தது. 1878 இல் பாரிஸ் கண்காட்சியிலே யப்பானியக் குறுமரங்கள் வைக்கப்பட்டன. யொக்கொஹாமாவிலிருந்து செடியேற்றுமதி நிறுவனங்கள் அவற்றை மேல்நாடுகளுக்குக் கப்பலேற்றின. யப்பானிலே அமெரிக்கத் தூதுவராயிருந்த லார்ஸ் அண்டர்சன் 1913 இல் நாடு திரும்புகையில் வாங்கிச் சென்ற மரங்களிற் பல, 1937 முதல் பொஸ்ரனிலுள்ள ஆர்னோல்ட் மரத்தோட்டத்துக்கு அளிக்கப்பட்டு, அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. சந்தையின் வேட்கை மலைகளையும் எட்டியது. இத்தோயிகாவாப் பகுதியின் செங்குத்தான பாறைகளிலே கயிறு கட்டி இறங்கி, முதிர்ந்த யூனிப்பர் மரங்களைப் பெயர்த்தெடுத்த மலைவாசிகள் இருந்தனர். தவறி வீழ்ந்து மாண்டோரும் அவருள் உளர். காட்சிக்கூடத்திலே ‘காற்றும் பனியும் செதுக்கிய வடிவம்’ என வியக்கப்படும் மரத்தின் பின்னால் இக்கயிறும் தொங்குகின்றது.

1923 செப்டெம்பர் முதலாந் திகதி நிகழ்ந்த கண்டோப் பூகம்பம், ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டதோடு, தோக்கியோ நகரத்து மரவளர்ப்பாளரின் குடியிருப்புகளையும் சிதைத்தது. நல்ல நீரும் மண்ணும் தேடிய அவருட் சிலர் 1925 இல் ஒமியாவிலே புதிய கிராமம் ஒன்றை அமைத்தனர். 1928 இல் அவர்கள் வகுத்த விதிகள் ஊன்றி நோக்கத்தக்கன: இங்கு வாழ்வோர் குறைந்தது பத்துப் போன்சாய்களேனும் வளர்த்தல் வேண்டும், தோட்டத்தின் வாயில் எவருக்கும் திறந்திருத்தல் வேண்டும், இரண்டு மாடி வீடு கட்டலாகாது, உயிர்வேலியே வேலியாதல் வேண்டும். அரண்மனை மதில்களுக்குள் இருந்த கலையை, அதனை வளர்த்தோரே தம் கூட்டு விதியாற் பொதுப்பார்வைக்குத் திறந்துவிட்டமை ஒரு வரலாற்றுத் திருப்பமாகும். 1935 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ முப்பது தோட்டங்கள் அங்கிருந்தன. யுத்த காலத்தில் போன்சாய் ஆடம்பரம் எனப் பழிக்கப்பட்டது; வளர்ப்போர் படைக்கு அழைக்கப்பட்டனர்; தோட்டங்கள் பல மூடப்பட்டன. மரங்களின் அழிவு அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று.

5

இவ்வுழைப்பின் தன்மை யாது? யப்பானிய வளர்ப்பாளரிடையே, நீர் வார்க்கக் கற்பதற்கே மூன்றாண்டு செல்லும் என்றொரு வழக்குண்டு. ஆசிரியரின் வீட்டிலே தங்கிப் பயிலும் மாணாக்கர், பொதுவாக ஐந்தாண்டோ அதற்கு மேலோ ஏவற் பணிகளோடு சேர்த்தே இத்தொழிலைக் கற்றனர். புதிதாகத் தொடங்குவோருக்கு இது மிகையெனத் தோன்றலாம். ஆயின் தொடங்குவோர் கையில் மரங்கள் மடிவதற்கு முதற் காரணம் நீரே. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. மணிக்கூட்டைப் பார்த்து நீர் வார்த்தல் தகாது. விரலால் மேல்மண்ணைத் தொட்டு, அது காயத் தொடங்கும்போது, சாடியின் அடித்துளைகளால் வழிந்தோடும்வரை வார்த்தல் வேண்டும். கோடையில் நாளுக்கு இருமுறையும் தேவைப்படலாம். துளையில்லாச் சாடி மரத்துக்குச் சவக்குழி. மண்ணும் நீரைத் தேக்காது வடியவிடும் பருமணல் தன்மையுடையதாதல் வேண்டும். யப்பானியர் இதற்கெனச் சுட்டெடுத்தாற் போன்ற எரிமலைச் செம்மண் குறுணியைப் பயன்படுத்துவர்.

மரம் சிறிதாயிருப்பது பட்டினியால் என்பது பரவலான தவறு. வளரும் பருவத்தில் அதற்கு உரமிடப்படுகின்றது. அது பிறவிக் குள்ளமும் அன்று. அதன் விதை நிலத்தில் வீழ்ந்தால் வழமையான மரமே முளைக்கும். நுனித்தளிர் கிள்ளப்படுவதனாற் பக்கக்கிளைகள் பெருகுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, முதிய பைன் ஆயின் இன்னும் நீண்ட இடைவெளியில், மரம் சாடியினின்று எடுக்கப்பட்டு, தடித்த வேர்கள் குறைக்கப்பட்டுப் புதுமண் இடப்படுகின்றது. அவ்வாறு செய்யும்போது நீரையும் உணவையும் உறிஞ்சும் மெல்வேர்கள் புதிதாகத் தோன்றுகின்றன. வேர் வெட்டுதல் மரத்தைச் சிறைப்படுத்தும் செயலாகத் தோன்றினும், சாடியிலே அதன் ஆயுளை நீட்டிப்பதும் அதுவே. கிளைக்கு வடிவளிக்கும் செம்புக் கம்பியும் பட்டையை அறுக்குமுன் கழற்றப்படுகின்றது. மரத்தை வீட்டினுள் அடைத்தலும் தவறு. வெயிலும் காற்றும் அதற்கு வேண்டும். பைன் முதலியன குளிர்கால ஓய்வை வேண்டுவன. எனவே நம்மைப் போன்ற வெப்பவலயத்தார் தொடங்குவதற்கு ஆல், இத்தி முதலிய அத்தி இனங்களே ஏற்றவை.

இங்கு நாம் காண்பது ஒருவழி ஆதிக்கம் அன்று. மனிதன் உழைப்பினால் இயற்கையை மாற்றுகையிற் தன் சொந்த இயல்பையும் மாற்றிக்கொள்கின்றான் என மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதற்பாகத்திற் (1867) காட்டியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. மரத்தை ஆண்டுக்கணக்கில் நோக்கியவரது கண்ணும் விரலும் பொறுமையும் மரத்தினாலே வடிவுபெறுகின்றன. இவ்விருவழி உறவைக் காணத் தவறும் உருவகம், மரத்துக்காக இரங்கும், மாணாக்கனை மறக்கும்.

6

வாஷிங்ரனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்துக்கு, அந்நாட்டின் இருநூறாவது ஆண்டு நிறைவையொட்டி 1976 இல் யப்பானிலிருந்து ஐம்பத்து மூன்று போன்சாய்கள் அன்பளிப்பாக வந்தன. அவற்றுள் ஒன்று, 1625 முதல் சாடியிற் பேணப்பட்டுவரும் வெண்பைன். அளித்தவர் ஹிரோஷிமாவைச் சேர்ந்த மசாரு யமாக்கி என்னும் வளர்ப்பாளர். 2001 இலே அவருடைய பேரப்பிள்ளைகள் மரத்தைக் காண வந்தபோதுதான், அது 1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி அணுகுண்டு வீழ்ந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் நின்று தப்பியது என்பது அத்தோட்டத்தினருக்குத் தெரியவந்தது. உயர்ந்த மதிலொன்று அதனைக் காத்திருந்தது.

இம்மரத்தைப் பற்றி எழுதுவோர் அதன் உயிர்ப்பாற்றலை வியப்பர். மன்னிக்கும் பண்பின் சின்னமென்பர். இரண்டும் ஏற்புடையனவே. ஆயின் மதில் காத்தது ஒரு காலைப்பொழுதை மாத்திரமே. அதன் பின்வந்த நாட்களில், எரிந்த நகரின் விளிம்பிலே, அம்மரத்துக்கு எவரோ நீர் வார்த்தனர். வார்க்காதிருந்தால் ஓகஸ்ட் மாத வெயிலிலே சில நாட்களில் அது பட்டிருக்கும். குண்டைச் செய்தோரின் பெயர்களை வரலாறு அறியும். நீர்க்குடத்தைத் தூக்கிய அக்கைகளைப் பற்றி மரம் மாத்திரமே சாட்சி கூறுகின்றது.

இவ்வகையில், நூற்றாண்டு கண்ட குறுமரம் ஒவ்வொன்றும் திரண்ட உழைப்பின் ஆவணமாகும். ஷோகனின் பெயரையோ தூதுவரின் பெயரையோ அது தாங்கியிருக்கலாம். ஆயினும் ஒரு தலைமுறை கைவிட்டிருப்பினும் அவ்வாவணம் அழிந்திருக்கும். சாடி ஒன்றை முதன்முதலாக வாங்கி வரும் எவரும், தாம் ஒரு பொருளின் உடைமையாளர் அல்லர், நீண்டதொரு தொழிலாளர் வரிசையின் கடைசி ஆள் என உணர்வாராயின், இக்கலையின் வரலாற்றை அவர் சரியாகவே தொடங்கியவராவர். நாளைக் காலையில் அவர் செய்யவேண்டியது, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பது.