உடனடிப் படமும் தோட்டத்து முகமும்

அவிசாவளையிலிருந்து ஹற்றன் செல்லும் நெடுஞ்சாலையில், களனி கங்கை பாறைகளின் மேல் இரைந்தோடும் கித்துல்கலையில், 1957 மார்ச்சில் ஒரு மரப்பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. டேவிட் லீன் இயக்கிய ‘க்வாய் நதிப் பாலம்’ என்ற திரைப்படத்துக்காகக் கட்டப்பட்ட பாலம் அது. படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. சுற்றுலாப் பயணிகள் அவ்விடத்தைக் காண இன்றும் ஆற்றங்கரைக்கு இறங்குகின்றனர். ஆனால் 1942–43இல் சயாம்–பர்மா மரண ரயில்பாதையில் மாண்டோருள் மிகப் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர் என்பதையும், அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் என்பதையும் அப்படம் காட்டவில்லை. பிரித்தானிய அதிகாரி ஒருவரின் தன்மானமே அங்கே பெரும் பிரச்சினை! தமிழ்த் தொழிலாளர் தேயிலையும் இறப்பரும் விளைவிக்கும் மண்ணில் நின்றுகொண்டே, தமிழ்த் தொழிலாளரின் மரணத்தைக் கமரா தன் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டது.

இது புதிதன்று. ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் பெண்மணி 1875இல் இலங்கை வந்தார். கோப்பித் தோட்டங்களின் உடைமையாளர் அவருடைய கணவர். 1879இல் டிக்கோயாவில் மறைந்த அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் பெயர் சொல்லிப் படமெடுத்தவர், இங்கே எடுத்த படமொன்றுக்கு இட்ட தலைப்போ ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பதே. அவருடைய கலைத்திறனை நாம் மறுக்கவில்லை. கண்ணாடித் தட்டும் இருட்டறையும் எவரிடம் இருந்தனவோ, படமும் அவருடையதாகவே இருந்தது என்பதையே சொல்லுகிறோம்.

இவ்வுறவை மாற்றக்கூடிய கருவியொன்றை எட்வின் லாண்ட் என்ற அமெரிக்கர் 1947 பெப்ரவரி 21இல் நியூயோர்க்கில் ஒளியியல் அறிஞர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். ஒளிபட்ட தாளுக்கும் படம் ஏற்கும் தாளுக்கும் இடையே சிறு பையொன்றில் இரசாயனக் களி அடைக்கப்பட்டிருக்கும். தாள்களை உருளைகளுக்கு நடுவே இழுத்தால் பை உடைந்து களி பரவும். ஒளிபடாத இடத்து வெள்ளியுப்பு கரைந்து மறுதாளுக்குக் குடிபெயர்ந்து உருவமாகும். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. இருட்டறை தேவையில்லை. எடுக்கப்பட்டவர், எடுத்தவரின் பக்கத்தில் நின்று தம் முகத்தைப் பார்க்கலாம்; கையில் வாங்கிக்கொண்டும் போகலாம். 1948 நவம்பர் 26இல் பொஸ்டன் நகரக் கடையொன்றில் ‘பொலரொயிட்’ கமராவின் விற்பனை தொடங்கியது.

துவாரத்தையும் ஷட்டர் வேகத்தையும் கையாலேயே அமைக்கவேண்டிய, 1960களைச் சேர்ந்த அவ்வகைக் கமரா ஒன்றை அண்மையில் நான் பழகினேன். அதற்குரிய பிலிமை ஃபூஜி நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. என்னிடம் இருந்தது காலாவதியான ஒரே பொதி, பத்துத் தாள். முதலில் வெள்ளை நாக்கை இழுக்கவேண்டும். பின்பு மஞ்சள் நாக்கைக் கோணாமல், நடுவில் நிறுத்தாமல் இழுக்கவேண்டும். கோணினால் களி சமமாகப் பரவாது, படத்தில் வெண்திட்டு விழும். வெயிலில் காத்திருப்பு குறையும், மலைக் குளிரில் நீளும். இவையெல்லாம் மூன்று தாள் வீணானதும் கைவந்தன. கைவராதது ஒளியளவுதான்.

கித்துல்கலைக்கு மேலே தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஓர் அம்மாவைக் கேட்டுக்கொண்டு படமெடுத்தேன். மழைக்கு முந்திய வெண்மேக வானம் அவர் பின்னே இருந்தது. ஒளிமானி சொன்னபடியே அமைத்தேன். தாளை உரித்ததும் அவர் பார்த்துவிட்டு, “மானம் நல்லா விழுந்திருக்கு மாஸ்டர், என்னியத்தான் காணோம்” என்றார். சாதாரண பிலிமைப்போல இது பிழை பொறுக்காது. வானத்தின் வெளிச்சத்தை அளந்த மானி, அவருடைய கறுத்த முகத்தை இருட்டாக்கிவிட்டது. அடுத்த தாளுக்கு அருகிற் சென்று அவர் முகத்தின் ஒளியை மட்டும் அளந்து, துவாரத்தை இரண்டு படி அகலத் திறந்தேன். வானம் வெறும் வெள்ளையாயிற்று. முகம் வந்தது. யாரை அளவாகக் கொள்வது என்பதை மானி தீர்மானிப்பதில்லை அன்றோ?

ஆனால் முகம் தெளிவாக விழுவதே விடுதலை என்று மயங்கிவிடக் கூடாது. தென்னாபிரிக்காவில் பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொரு கறுப்பினத்தவரும் எந்நேரமும் சுமந்து திரியவேண்டிய அனுமதிப் புத்தகங்களுக்கு இதே உடனடிப் படம் பயன்பட்டது. 1966இல் வந்த ‘ஐடி-2’ என்ற அடையாளப்படக் கருவியில் ஒளிவீச்சைக் கூட்டும் பொத்தான் ஒன்று இருந்தது; கறுத்த தோலைத் தெளிவாகப் பதிவுசெய்யவே அது உதவிற்று என்று புரூம்பெர்க், சனாரின் என்ற கலைஞர் இருவர் பிற்காலத்தில் வாதிட்டனர். பொத்தானின் நோக்கம் எதுவாயினும், படத்தின் நோக்கத்தில் ஐயமில்லை. 1970 ஒக்டோபரில் அந்நிறுவனத்திலேயே வேலைபார்த்த கறுப்பினத்தவரான கரொலைன் ஹண்டர், கென் வில்லியம்ஸ் ஆகிய இருவரும் ‘பொலரொயிட் புரட்சிகரத் தொழிலாளர் இயக்க’த்தைத் தொடங்கினர். இரசாயன வல்லுநரான ஹண்டர் வேலையிழந்தார். நிறுவனம் தென்னாபிரிக்க வணிகத்திலிருந்து விலகியது 1977இல். அதுவும், அங்குள்ள விநியோகஸ்தர் அரசாங்கத்துக்கு இரகசியமாக விற்றுவந்தது அம்பலமான பிறகே.

பொஸ்டனில் அந்தக் கமரா கடைக்கு வந்ததற்குப் பதினொரு நாள் முன்னர், 1948 நவம்பர் 15இல், இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, நாட்காட்டி அருகருகே வைத்துவிட்டது. அச்சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. பிரசாவுரிமை கிடைத்தோர் ஏறத்தாழ 134,000 பேர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டனர். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். இடைப்பட்ட போர்க்காலத்தில், அடையாள அட்டை இல்லாத தோட்டத்து இளைஞர் சோதனைச் சாவடிகளில் பட்ட பாட்டை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நான் பார்த்த சில லயக் காம்பராக்களில் பாட்டனின் படமாக எஞ்சியிருப்பது கடவுச்சீட்டுக்காக எடுத்த சிறு படம் ஒன்றுதான். அலுவலகம் கேட்டிராவிட்டால் அதுவும் இராது.

இரண்டாவது தாளை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். ஈரம் காயும்வரை விளிம்பைப் பிடித்து விசிறிக்கொண்டிருந்தவர், இது அடையாள அட்டைக்கு ஆகுமா என்று கேட்டார். பழைய அட்டை தொலைந்துவிட்டதாம். ஆகாது, அதற்குப் பதிவுபெற்ற ஸ்டூடியோவில் எடுத்த படமே வேண்டும் என்றேன். “அப்ப இது எனக்குத்தானா?” என்று கேட்டுவிட்டு, படத்தைக் கொழுந்துச் சாக்கில் வைக்காமல் இரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மலையேறினார்.