சங்கரனும் நாராயணனும்: கலப்பு என்ற சொல்லின் கதை

தமிழில் 'கல' என்ற ஒரே வேரில் இருந்து எத்தனை சொற்கள்! கலவை, கலப்பு, கலப்படம், கலப்பினம், கலப்பு மணம். இவற்றில் சில நல்ல சொற்கள், சில கெட்ட சொற்கள். கொத்தனார் கேட்கும் 'கலவை' நல்லது. மிளகாய்த்தூளில் நடக்கும் 'கலப்படம்' குற்றம். கலப்பு மணமோ கேட்பவரைப் பொறுத்தது. சிலருக்கு அது முற்போக்கு, சிலருக்கு அது அவமானம்.

ஒரே வேர்ச்சொல் ஏன் இப்படி இரண்டு பக்கமும் சாய்கிறது? இரண்டு பொருள்கள் கலக்கும்போது உண்மையில் என்னதான் நடக்கிறது? இந்தக் கேள்வியை மதமும் தத்துவமும் உலோகவியலும் மரபியலும் தனித்தனியே கேட்டிருக்கின்றன. அதைப் பார்க்கத் தொடங்க நல்ல இடம் ஒன்று நம் தென்கோடியிலேயே இருக்கிறது. அது சங்கரன்கோவில்.

ஒரே மேனி, இரண்டு பாதி

2019 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் இப்போது தென்காசி மாவட்டத்திலும் இருக்கும் ஊர் சங்கரன்கோவில். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் 'சங்கரநயினார்கோவில்' என்று இருக்கும். ஊருக்குப் பெயர் தந்த கோவிலில் மூன்று சன்னதிகள் முக்கியமானவை. ஒரு பக்கம் சங்கரலிங்கம், மறுபக்கம் கோமதி அம்மன், நடுவில் சங்கரநாராயணர்.

தல புராணம் சொல்லும் கதை எளிமையானது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கனுக்குச் சிவனே பெரியவர், பதுமனுக்குத் திருமாலே பெரியவர். இருவரும் வாதம் செய்து முடிவு கிடைக்காமல் அம்பிகையிடம் போகிறார்கள். அம்பிகை 'இவர் பெரியவர்' என்று தீர்ப்பு சொல்லவில்லை. இரண்டும் ஒன்று என்பதை உலகுக்குக் காட்ட வேண்டும் என்று சிவனை வேண்டி, புன்னை வனத்தில் தவம் இருக்கிறாள். ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தில் சிவன், பாதி சங்கரன் பாதி நாராயணன் என்ற கோலத்தில் காட்சி தருகிறார். இதுதான் ஆண்டுதோறும் நடக்கும் ஆடித்தபசுத் திருவிழா. அன்று சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து மக்கள் வந்து ரத வீதியில் நிறைந்துவிடுவார்கள்.

இனி சிலையைக் கவனியுங்கள். வலப்பக்கம் சடைமுடி, பிறை, மழு, ருத்திராட்சம், புலித்தோல். இடப்பக்கம் கிரீடம், சங்கு, துளசி மாலை, பீதாம்பரம். அர்ச்சனைக்கு வில்வமும் உண்டு, துளசியும் உண்டு. பிரசாதமாகத் திருநீறும் தருகிறார்கள், தீர்த்தமும் தருகிறார்கள். இந்தச் சன்னதியில் மூலவருக்கு நேரடியாக அபிஷேகம் செய்யாமல், அங்குள்ள ஸ்படிக லிங்கத்துக்குத்தான் செய்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சங்கரநாராயணர் உண்மையில் 'கலவை' அல்ல! பாதிச் சடையும் பாதிக் கிரீடமும் குழைந்து மூன்றாவது ஒரு தலையலங்காரம் பிறக்கவில்லை. நடுவே கோடு போட்டது போல இரண்டும் தத்தம் அடையாளத்தோடு நிற்கின்றன. கலந்திருக்கிறார்கள், ஆனால் கரைந்துவிடவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம். கடைசி வரை தேவைப்படும்.

சங்கரன்கோவிலுக்கு வெளியே

இது நெல்லைச் சீமைக்கு மட்டும் உரிய சிந்தனை அல்ல. கர்நாடகத்தின் பாதாமிக் குகைகளில் 6-ஆம் நூற்றாண்டிலேயே ஹரிஹரர் செதுக்கப்பட்டுவிட்டார். ஹரிஹர் என்ற பெயரிலேயே அங்கு ஓர் ஊரும், ஹொய்சாளர் காலத்துக் கோவிலும் இருக்கின்றன. கடல் தாண்டிக் கம்போடியாவில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அழகான ஹரிஹரர் சிலைகள் கிடைத்துள்ளன. தமிழில் பேயாழ்வார் திருவேங்கடத்தானிடம் சடையையும் நீண்ட முடியையும் சேர்த்தே கண்டு பாடினார். அப்பரோ ஐயாற்றுப் பாடலில் திருமாலைச் சிவனின் தேவியாகவே சொல்லிவிடுகிறார்.

அப்படியானால் சைவமும் வைணவமும் எப்போதும் சண்டையில்லாமல் இருந்தனவா? இல்லவே இல்லை. தில்லையில் நடராசர் சன்னதிக்கு அருகிலேயே கோவிந்தராசர் பள்ளிகொண்டிருக்கிறார். சோழர் காலத்தில் அந்தப் பெருமாள் அகற்றப்பட்டார் என்றும், விஜயநகர மன்னர் அச்சுததேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தருளச் செய்தார் என்றும் படிக்கிறோம். வாதமும் வழக்கும் இருந்ததால்தான் சங்கன், பதுமன் கதையே தேவைப்பட்டது. சண்டை இல்லாத இடத்தில் சமாதானக் கதைக்கு என்ன வேலை?

தத்துவம் சொல்லும் மூன்று வழிகள்

கலப்பு என்றால் என்ன என்று பழைய தத்துவவாதிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, எள்ளும் பச்சரிசியும் கலப்பது போல. பார்க்கக் கலந்திருக்கும், ஆனால் பொறுமை இருந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிடலாம். வைசேடிகர் அணுக்கள் சேர்வதை விளக்கும்போது 'சம்யோகம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். சேர்ந்தது பிரியலாம் என்பது அதன் இலக்கணம்.

இரண்டாம் வகை, ஒவ்வொன்றிலும் எல்லாமும் இருப்பது. வேதாந்தத்தில் வரும் 'பஞ்சீகரணம்' இதற்கு நல்ல உதாரணம். ஐம்பூதங்களில் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, மறுபாதியை நான்காக்கி மற்ற நான்கு பூதங்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். ஆக நாம் காணும் மண்ணில் பாதிதான் மண். மீதியில் நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் ஒவ்வொன்றும் எட்டில் ஒரு பங்கு. கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். தூய மண் என்று எதுவும் இந்த உலகில் கையில் கிடைக்காது என்பதே இதன் பொருள். கிரேக்க நாட்டு ஸ்டோயிக் தத்துவவாதி கிரைசிப்பஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு துளி மதுவைக் கடலில் விட்டால் அது கடல் முழுவதிலும் கலந்துவிடும் என்றார்!

மூன்றாம் வகைதான் சைவ சித்தாந்தம் சொல்வது. உயிரும் இறைவனும் முக்தியில் சேரும்போது ஒன்றாகிவிடுகின்றனவா, இரண்டாகவே இருக்கின்றனவா? 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் இதற்குத் தமிழ் இலக்கணத்தில் இருந்தே உவமை எடுத்தார். 'தாள்' என்ற சொல்லும் 'தலை' என்ற சொல்லும் புணர்ந்தால் 'தாடலை'. காதுக்கு ஒரே சொல், பொருளுக்கு இரண்டு சொல். ளகரமும் தகரமும் சேர்ந்து டகரமாகிவிட்டன, ஆனாலும் தாளும் போகவில்லை, தலையும் போகவில்லை. பத்தாம் வகுப்பில் புணர்ச்சி விதியை மனப்பாடம் செய்து அலுத்துப்போனவர்கள் இந்த ஓர் உவமைக்காக அதை மன்னித்துவிடலாம்.

பத்தரை மாற்றுத் தங்கமும் 916-உம்

'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று தூய்மையைப் புகழ்கிறோம். ஆனால் நகைக்கடைக்குப் போனால் கேட்பது 916. அதாவது 24 பங்கில் 22 பங்குதான் தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்ற பிற உலோகங்கள். சுத்தத் தங்கம் மென்மையானது. அதில் சங்கிலி செய்து போட்டால் நசுங்கும், வளையும். அழகுக்கு ஆசைப்பட்ட மனிதன் தூய்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

வெண்கலத்தின் கதை இதைவிடப் பெரியது. செம்பு மென்மையான உலோகம். தகரம் அதைவிட மென்மை. ஆனால் இரண்டையும் சேர்த்து உருக்கினால் இரண்டையும் விடக் கடினமான உலோகம் கிடைக்கிறது! காரணம், செம்பு அணுக்களின் ஒழுங்கான அடுக்குகளில் சில இடங்களைப் பெரிய தகர அணுக்கள் பிடித்துக்கொள்கின்றன. அடுக்குகள் முன்போல ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்க முடிவதில்லை. தூய செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். தகரம் சேர்ந்தால் அதற்குக் குறைந்த வெப்பத்திலேயே உருகி, அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் விரல் நுனி வரை தெரியும் நளினத்துக்குச் சிற்பியின் கையோடு இந்தக் கலப்பும் காரணம்.

தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜெர்மானியர் ஜாகோரும், பிறகு அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது தாழிகளோடு ஏராளமான வெண்கலப் பொருள்களும் வெளிவந்தன. சங்கரன்கோவிலில் சிவனும் திருமாலும் இணைவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் பக்கத்து மக்களுக்கு உலோகக் கலப்பு தெரிந்திருந்தது.

'இரத்தம்' கலக்குமா?

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம்.

பெற்றோரின் இயல்புகள் பிள்ளையிடம் பாலும் தண்ணீரும் போலக் கலக்கின்றன என்று 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலோர் நம்பினார்கள். டார்வினுக்கே இது தலைவலியாக இருந்தது. 1867-ல் ஃபிளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் அவரை மடக்கினார். கலந்து கலந்து எல்லாம் நீர்த்துப்போகும் என்றால், புதிதாகத் தோன்றும் நல்ல இயல்பு எப்படி நிலைக்கும்? கேள்வி சரிதான்.

விடை ஏற்கெனவே ஒரு மடாலயத் தோட்டத்தில் இருந்தது. 1866-ல் கிரிகோர் மெண்டல் தன் பட்டாணிச் செடி ஆய்வை வெளியிட்டிருந்தார். ஊதாப்பூச் செடியையும் வெள்ளைப்பூச் செடியையும் சேர்த்தால் வெளிர் ஊதா வரவில்லை, எல்லாம் ஊதா. அடுத்த தலைமுறையில் 705 ஊதா, 224 வெள்ளை. வெள்ளை எங்கும் கரைந்து போகவில்லை, ஒளிந்திருந்து அப்படியே திரும்பி வந்தது! மரபணுக்கள் திரவம் அல்ல, மணிகள். சேர்கின்றன, பிரிகின்றன, மறுபடி வேறு விதமாகச் சேர்கின்றன. சங்கரநாராயணர் நினைவுக்கு வருகிறாரா? ஒரே மேனியில் இருந்தும் ஒன்றில் ஒன்று கரையாத இரண்டு பாதிகள்.

மணிகள் கரையாததால்தான் அவற்றை எண்ணிப் பழைய வரலாற்றைக் கண்டுபிடிக்க முடிகிறது. 2009-ல் ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு அறிஞர்களும் சேர்ந்து, 25 குழுக்களைச் சேர்ந்த 132 இந்தியர்களின் மரபணுவை ஆராய்ந்தார்கள். பெரும்பாலான இந்தியர்கள் இரண்டு பழைய மூதாதைக் கூட்டங்களின் கலவை என்று தெரிந்தது. அந்தக் கூட்டங்களுக்கு 'வட இந்திய மூதாதையர்', 'தென்னிந்திய மூதாதையர்' என்று பெயரிட்டார்கள். அளவு மாறுகிறதே தவிர, ஒன்று மட்டுமே உள்ள குழு என்று அந்தப் பெரும்பான்மையில் எதுவும் இல்லை. 2013-ல் வந்த அடுத்த ஆய்வு, இந்தக் கலப்பு ஏறக்குறைய 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது என்று கணக்கிட்டது. பின்னர் அகமண முறை இறுகியது, கலப்பு பெரிதும் குறைந்தது.

2019-ல் பழைய எலும்புகளில் இருந்து எடுத்த மரபணு இன்னொரு திரையையும் விலக்கியது. அந்த இரண்டு மூதாதைக் கூட்டங்களுமே தூயவை அல்ல! இந்தியாவின் பழைய வேட்டைச் சமூகத்தார், ஈரானியப் பகுதியோடு தொடர்புள்ள மக்கள், பின்னர் வந்த புல்வெளி மேய்ச்சல் கூட்டத்தார் என்று அவையும் முந்தைய கலவைகளே. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லோருடைய மரபணுவிலும் ஏறக்குறைய 2 விழுக்காடு நியாண்டர்தால் மனிதர்களின் பங்கு இருக்கிறது. இதைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக ஸ்வாந்தே பேபோ 2022-ல் நோபல் பரிசு பெற்றார். பஞ்சீகரணக் கணக்குப் போல, எவ்வளவு பின்னால் போனாலும் 'தூய' கூட்டம் கைக்குச் சிக்குவதில்லை.

கலக்காமல் இருந்ததற்கு விலையும் உண்டு. 2017-ல் 263 தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்தபோது, 81 குழுக்களில் மிகச் சில மூதாதையரில் இருந்தே பெருகிய தடயம் வலுவாகத் தெரிந்தது. அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை கொண்டவை. இப்படிப்பட்ட குழுக்களில் ஒளிந்திருக்கும் நோய் மரபணு இரண்டு பக்கமும் இருந்து ஒரே குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு அதிகம். மெண்டலின் வெள்ளைப்பூ திரும்பி வந்தது போலத்தான்.

கதையும் தெருவும்

அரியும் அரனும் ஒன்று என்று சொன்ன கோவில்களின் வாசலில் மனிதர்கள் ஒன்று என்று சொல்லச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1939-ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பிரிவினை முடிந்துவிடவில்லை. 2023-ல் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் சாதி வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. 16 வயதில் கையில் கட்டும் கயிறு காட்ட விரும்பும் தூய்மை, அந்தக் கையின் ஒரு செல்லில்கூட இல்லை.

இதற்கு எதிராக 'எல்லோரும் ஒரே குழம்பாகிவிட வேண்டும்' என்று அஞ்சுபவர்களும் உண்டு. அந்த அச்சமும் தேவையில்லை. வில்வத்தோடு துளசி சேர்ந்தபோது வில்வம் தன் மணத்தை இழக்கவில்லை. தாடலையில் தாளும் தலையும் இருக்கின்றன.

'கல' என்ற வேரில் இருந்து இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. யோசனை கேட்கும்போது 'கலந்து பேசுவோம்' என்கிறோம். விழாவுக்குப் போவதைக் 'கலந்துகொண்டோம்' என்கிறோம். சங்கனும் பதுமனும் வாதாடிய பின் செய்த நல்ல காரியம் அதுதான். அடித்துக்கொள்ளாமல் ஒன்றாகப் போய்க் கேட்டார்கள். ஆடித்தபசு அன்று ரத வீதியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டமும் அதைத்தான் செய்கிறது. அந்த நெரிசலில் யார் யார் என்று யாரும் கேட்பதில்லை. வீடு திரும்பிய பிறகும் கேட்காமல் இருந்தால், அம்மன் இருந்த தவம் பலித்தது என்று சொல்லலாம்.