நீர்க்கட்டி என்ற பெயரின் கதை

செம்பாக்கத்தில் தாம்பரம் – வேளச்சேரி சாலையை ஒட்டிய ஸ்கேன் சென்டர் எதிலாவது அரைநாள் உட்கார்ந்திருந்தால் அந்தச் சொல் காதில் விழுந்துவிடும்: நீர்க்கட்டி. பெண் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்; பக்கத்தில் அம்மாவின் முகம் வெளிறிப்போகும். கட்டி என்று கேட்டதுமே தமிழ்க் காதுக்கு அறுவை, பயாப்ஸி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று வரிசையாக நினைவு ஓடுகிறது. "அறுத்து எடுத்துடணுமா டாக்டர்?" என்பதுதான் முதல் கேள்வி.

எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சினைப்பைக்குள் மாதந்தோறும் பல நுண்பைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு முதிர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். பிசிஓடி என்று எல்லோரும் சொல்கிற, மருத்துவர்கள் பிசிஓஎஸ் என்று எழுதுகிற கோளாறில் பெரும்பாலும் எதுவும் முந்துவதில்லை. இரண்டு முதல் ஒன்பது மில்லிமீட்டர் வரை, ஜவ்வரிசி அளவில், பாதி வழியிலேயே அவை நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது அவைதான். நோய்க் கட்டி அல்ல, வளர்ச்சி நின்றுபோன பைகள். அப்படியிருக்க, கட்டி என்ற சொல் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

1721இல் இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வாலிஸ்நேரி, மணமாகியும் பிள்ளையில்லாத ஓர் இளம் கிராமத்துப் பெண்ணின் சினைப்பைகளைப் பற்றி எழுதினார். வழக்கத்தைவிடப் பெரிதாக, வெண்மையாக, பளபளப்பாக, புறா முட்டையைப் போல இருந்தன என்பது அவர் தரும் விவரம். அப்புறம் இருநூறு ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குறிப்புகள். 1935இல் சிகாகோவில் இர்விங் ஸ்டெய்ன், மைக்கேல் லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதவிலக்கு நின்றுபோயிருந்தது, சிலருக்கு முகத்தில் முடி, எல்லோருக்கும் சினைப்பை பெருத்து, நிறையப் பைகளோடு இருந்தது. வயிற்றைத் திறந்து சினைப்பையிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு பெரும் பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது. இரண்டு பேர் கருவுற்றார்கள்.

அறுவை பலித்ததுதான் வினையாயிற்று. வெட்டினால் சரியாகிறது என்றால் கோளாறு வெட்டிய இடத்தில்தானே இருக்க வேண்டும்? அந்தக் கணக்கில் பல சினைப்பைகள் கத்திக்குப் பலியாயின. தழும்பு இழுத்து, சினைக்குழாயும் சினைப்பையும் ஒட்டிக்கொண்டு, பிள்ளைப்பேற்றுக்குப் புதிய தடை உண்டானது. 1960களில், முட்டை வெளிவர உதவும் குளோமிஃபீன் மாத்திரை வந்த பிறகே கத்தி மெல்லப் பின்வாங்கியது. கட்டி என்ற பெயர் மட்டும் பின்வாங்கவில்லை. பின்னாளில் வந்த ஸ்கேன் கருவியும், கண்ணுக்குப் பட்டதை எண்ணிக் காட்டி, அந்தப் பெயருக்கே வலுச்சேர்த்தது.

உண்மையில் வேறொரு துப்பு வெகுநாளாகக் கிடந்தது. 1921இல் பாரிசில் அஷார், தியேர் என்ற இருவர், தாடி முளைத்த பெண்களுக்கு வரும் நீரிழிவைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதைச் சினைப்பையோடு சேர்த்துப் பார்க்க ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின. 1980இல்தான் பர்கென்னும் சக ஆய்வாளர்களும் இந்தப் பெண்களின் ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதையும், அது கூடக்கூட ஆண் ஹார்மோன் கூடுவதையும் காட்டினார்கள். உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கிறது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையை உசுப்பிவிட, ஆண் ஹார்மோன் ஏறுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகப்பரு, தாடை முடி எல்லாம் அதன் வெளிப்பாடுகள்.

தமிழ்நாட்டு அம்மாக்கள் இந்த இன்சுலினின் தடத்தை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள், பெயர் தெரியாமல். மகளின் பின்கழுத்தில் படியும் கருமையை அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்த்தவர்கள் எத்தனை பேர்! தேய்த்தால் தோல்தான் சிவக்கும்.

நீரிழிவை வெகு காலமாக எதிர்கொண்டுவரும் ஊர் சென்னை. கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிறானாலும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும், சர்க்கரை 140ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு என்ற எளிய முறையைப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. மறுநாள் வரச் சொன்னால் வராமல் போகும் பெண்களை அறிந்தவர் செய்த ஏற்பாடு அது. பிசிஓடி உள்ள பெண்ணுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், இரண்டு கதைகளும் ஒரே கிளினிக்கில் சந்திக்கின்றன.

செம்பாக்கத்துக்கு அருகிலேயே, சிகிச்சை தேடிப் போக இன்னொரு வாசலும் உண்டு. காற்றும் வெயிலும்தான் மருந்து என்று நம்பி 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால்தான் அந்த இடத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் சானடோரியம் என்று பெயர். அங்கே 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். சினைப்பை நீர்க்கட்டிக்கு மருந்து கேட்டு சித்த மருத்துவரிடம் போகும் பெண்கள் பலர். அந்த மருந்துகளில் ஒன்றான கழற்சிக்காய்ப் பொடியோ அந்த வாசலையும் தாண்டி, யூடியூப் வழியாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. பெரிய அளவில் ஒப்பிட்டுச் செய்த சோதனைகளின் பலம் அதற்கு இன்னும் இல்லை. மிளகோடு சேர்த்து விழுங்கும் நம்பிக்கைக்கு மட்டும் குறைவில்லை.

பழைய வழக்கம் வேறு மாதிரி. பெண் வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கொடுப்பார்கள். தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டு, பந்தல். முதல் மாதவிலக்கை ஊரறிய அறிவித்த சமூகம் அடுத்தடுத்த மாதங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாள் தள்ளிப்போனால் மணமானவளுக்கு வாழ்த்து, மணமாகாதவளுக்குச் சந்தேகம். பிள்ளை இல்லையென்றால் மலடி. காரணம் இன்சுலினாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்ற வழியில்லை.

செம்பாக்கமும் மாறிவிட்டது. வயலுக்கு நீர் பாய்ச்சிய ஏரியைச் சுற்றி அடுக்ககங்கள் எழுந்தன; 2021இல் ஊரே தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியது. நடவுக்குக் குனிந்த முதுகுகளின் பேத்திகள் இன்று கணினி முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்லி எல்லாப் பழியையும் பரோட்டா மேல் போடுவது உறவினர்களுக்குப் பிடித்த வேலை. ஆனால் பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஒல்லியான பெண்களுக்கும் வருகிறது. எடை கூடியவர்கள் ஐந்து சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குகிறது என்பதும் உண்மைதான். அந்த ஐந்து சதவீதத்தை, "குண்டாயிட்டியே" என்ற குத்தலால் யாரும் குறைத்ததாகத் தெரியவில்லை.

மருந்திலும் ஒரு விசித்திரம் நடந்தது. முட்டை வெளிவர உதவும் லெட்ரோசோலைக் குழந்தைப்பேறு சிகிச்சைக்குத் தரக்கூடாது என்று 2011இல் இந்திய அரசு தடை விதித்தது. 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த சோதனையில் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. உலகம் அதை முதல் மருந்தாக ஏற்றுக்கொண்டிருக்கையில் இங்கே தடை நீடித்தது, 2017இல்தான் நீங்கியது.

2003இல் ராட்டர்டாமில் கூடிய வல்லுநர்கள், பிசிஓடி என்று தீர்மானிக்க மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால் போதும் என்றார்கள்: ஒழுங்கற்ற மாதவிலக்கு, மிகுந்த ஆண் ஹார்மோன், நிறையப் பைகள் கொண்ட சினைப்பை. ஆக, ஸ்கேனில் புள்ளிகள் நிறைந்திராமலே பிசிஓடி இருக்கலாம். புள்ளிகள் நிறைந்தும் இல்லாமல் போகலாம். ஒரு சினைப்பையில் 12 பைகள் என்று அன்று வைத்த வரம்பு, கருவிகள் கூர்மையானதும் 20ஆக உயர்ந்தது. அந்தக் கூட்டல் முன்பே நடந்திருந்தால் எத்தனையோ பெண்கள் நோயாளி ஆகியிருக்க மாட்டார்கள். 2012இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு பெயரையே மாற்றச் சொன்னது.

2018இன் சர்வதேச வழிகாட்டி இன்னொன்றும் சொன்னது: முதல் மாதவிலக்கிலிருந்து எட்டு ஆண்டுகள் முடியும் முன், ஸ்கேனைக் கொண்டு இந்த நோயைத் தீர்மானிக்கக் கூடாது. வளரும் சினைப்பையில் பைகள் நிறைந்திருப்பது இயல்பு. 13 வயதில் மஞ்சள் நீராட்டு கண்ட பெண்ணுக்கு அந்தக் கணக்குப்படி 21 வயது வரை நேரம் இருக்கிறது. அவளிடம் பார்க்க வேண்டியது முகத்திலும் தோலிலும் மிஞ்சும் ஆண் ஹார்மோனின் அடையாளத்தையும், மாதக் கணக்கையும்தான். முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் 35 நாளைத் தாண்டித் தள்ளிப்போகிறதா என்று. அதற்கு ஸ்கேன் சென்டர் வேண்டாம். சமையலறையில் தொங்கும் தினக் காலண்டரும் பேனாவும் போதும்.