ஏட்டில் இருந்து மைத்தொட்டி வரை: வன்னியில் பிரதி எடுத்த கதை

வீட்டுக்கு எந்தப் பிரிண்டரை வாங்கலாம் என்று பத்திரிகைக்காரனிடம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அச்சகத்தில் தலை நரைத்தவனுக்கு எல்லா அச்சும் தெரிந்திருக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. இலண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் கேட்பவர்கள் விலையையும் வேகத்தையும் விசாரிப்பார்கள். அண்மையில் முள்ளியவளையில் இருந்து கேட்ட உறவினர் ஒருவர், அச்சிட்ட தாள் நனைந்தால் எழுத்து நிற்குமா என்றுதான் முதலில் கேட்டார். அடுத்து, படம் எத்தனை ஆண்டுகளுக்கு மங்காமல் இருக்கும் என்று கேட்டார். விலை மூன்றாவதாகவே வந்தது.

கடைக்காரர் ஒருவருக்கு இந்த வரிசை வியப்பாக இருக்கலாம். வன்னியின் கடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அங்கே ஒரே பிரதியாக இருந்தவை அழிந்தன. இன்னோர் இடத்தில் இரண்டாம் பிரதி இருந்தவை மட்டுமே மீண்டன. வீட்டுப் பிரிண்டரைத் தெரிவு செய்யும் சிறிய விடயத்தையும் இந்த நீண்ட வரலாற்றின் வெளிச்சத்தில் பார்ப்பது பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

ஏடும் எழுத்தாணியும்

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், கடலுக்குச் சில மைல் முன்னால் இருக்கிறது முள்ளியவளை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னதாக, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கத்தை எல்லோரும் அறிவர். கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்து வளர்ந்த பாடல்களும் கோவலன் கூத்தும் முதலில் ஏட்டிலும், பின்னர் கொப்பிகளிலும் எழுதப்பட்டே தலைமுறை தாண்டின.

ஓலையைக் கறையான் அரிக்கும், ஈரம் குலைக்கும். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதுவதை நம் முன்னோர் ஒரு கடமையாகவே கொண்டிருந்தனர். எழுதுவோர் குறைந்தபோது நூல்கள் மறையத் தொடங்கின. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கையில் எடுக்கையிலேயே சிதையும் ஏடுகளைக் கண்டு கலங்கியவர். அந்த நூலை அவர் அச்சிற் கொண்டு வந்ததும் ஓர் ஏட்டின் ஆயுளை அது நம்பியிருந்த நிலை நீங்கியது. பலர் வீட்டில் ஒரே நேரத்தில் இருக்கும் நூலைக் கறையானால் முற்றாக அரித்துவிட முடியாது.

அச்சுப்பொறி வாங்கக் கடல் கடந்தவர்

பிரிண்டர் வாங்குவது இன்று ஒரு பிற்பகல் வேலை. அன்று அது அரசியல். 1820 இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த அச்சாளர் ஜேம்ஸ் கரெற் யாழ்ப்பாணம் வந்தபோது, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அவரைத் தங்கவிடாமல் வெளியேற்றினார். 1834 இல் ஈஸ்ற்மன் மைனர் வந்த பின்னரே மானிப்பாயில் மிசன் அச்சகம் நிலைகொண்டது. 1841 சனவரியில் உதயதாரகை வெளியாயிற்று.

ஆறுமுக நாவலர் 1849 இல் சதாசிவம்பிள்ளையுடன் சென்னை சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை அதன்பின் எழுந்தது. தமக்குத் தேவையான நூலைத் தாமே தமது மண்ணில் பெருக்கிக் கொள்ள வேண்டும் என்ற முடிவே அந்தப் பயணத்துக்குக் காரணம். ஒரு குடும்பம் தன் மேசையில் பிரிண்டர் வைக்க விரும்புவதும் அதே விருப்பத்தின் சிறிய வடிவந்தான்.

மூன்று பிரதி என்னும் ஏற்பாடு

நூல்கள் அச்சேறின. வீட்டுப் பத்திரங்களின் கதை வேறு. ஒல்லாந்தர் தோம்பு எழுதி வைத்தார்கள். ஆங்கிலேயர் நொத்தாரிசு முறையை ஒழுங்குபடுத்தினார்கள். 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டத்தின் நடைமுறையை நமது மக்கள் உன்னிப்பாகக் கவனித்திருக்க வேண்டும். காணி உறுதி ஒன்று எழுதப்பட்டால் மூலப்பிரதி உரியவரிடம் சேரும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் தங்கும். இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். வீடு எரிந்தாலும் உறுதி எரிந்துவிடாது. மூன்று இடங்களும் ஒன்றாக அழிவது அரிது என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

வன்னியில் பெருமளவு காணி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப்பத்திரங்களே பலருக்கு ஆதாரம். அவற்றின் மறுபக்கப் பதிவு அலுவலகத்தில்தான் இருக்கும். ஊரும் அலுவலகமும் ஒன்றாக இடம்பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சாதாரண மனிதன் தானே பிரதி எடுக்கத் தட்டச்சு வர வேண்டியிருந்தது. தமிழுக்குத் தட்டச்சுப் பொறி தந்தவர் சுண்டிக்குளியில் பிறந்த இரா. முத்தையா என்பது நமக்குப் பெருமை. காபன் தாளை இடையில் வைத்து மூன்று, நான்கு பிரதிகள் அடிக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் றோணியோ. மெழுகுத் தாளில் ரிபன் இல்லாமல் அடித்து, உருளையில் மாட்டிச் சுற்றினால் சில நூறு பிரதிகள் கிடைக்கும். எமது தலைமுறையின் தவணைப் பரீட்சை வினாத்தாள், கோயில் அறிவித்தல், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரம் எல்லாம் அந்த மை மணத்தோடு வந்தவை.

தாளுக்கே பஞ்சம் வந்த காலம்

1981 மே இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றுள் வேறு இடங்களில் பிரதி இருந்த அச்சு நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளுக்கு அந்த வழி இருக்கவில்லை.

1990 இற்குப் பின் வடக்கில் பொருளாதாரத் தடை. எரிபொருள், பற்றரி, சீமெந்து எனத் தடைப்பட்டியல் நீண்டது. யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை பாடசாலைக் கொப்பித் தாளிலும் அச்சாகியது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில், கோடிட்ட தாளில் செய்தியைப் படிப்பது எத்தகைய உணர்வு என்பதை நான் மறக்கவில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் வன்னிக்கும் கணினிகள் வந்தன. ஜெனரேற்றர் ஒலிக்கும் கடைகளில் பாமினி எழுத்துருவில் விண்ணப்பங்கள் அச்சாயின. 2006 ஓகஸ்ட்டில் பாதை மீண்டும் மூடியது.

இதற்கிடையில் 2004 டிசம்பர் 26 வந்தது. முல்லைத்தீவுக் கரையைக் கடல் வாரிச் சென்றது. உள்ளே இருந்த முள்ளியவளையும் தண்ணீரூற்றும் உயிர் தப்பியவர்களை ஏற்றன. வந்தவர்களுள் பலரிடம் உடுத்த உடையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2008 இறுதியில், முள்ளியவளையே இடம்பெயர்ந்தது. புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், பின்னர் மெனிக் பாம் முகாம் என்று அந்த வழி நீண்டது. பதுங்குகுழியில் ஈரத்திலும் மண்ணிலும் பொலித்தீன் பைக்குள் இருந்த பத்திரங்கள் சில தப்பின. படத் தொகுப்புகளைச் சுமக்க யாருக்கு முடிந்தது?

போருக்குப் பின் நடமாடும் சேவைகளில் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மீண்டும் வழங்கப்பட்டன. பதிவேட்டு இலக்கமும் திகதியும் தெரிந்தவருக்கு வேலை விரைவாக முடிந்தது. ஒரு மங்கிய போட்டோப் பிரதி கையில் இருந்தாலே போதும், தேடும் வேலை பாதியாகக் குறைந்தது. படங்களுக்கு அப்படி ஓர் அலுவலகம் இல்லை. நெகட்டிவ்களை வைத்திருந்த ஸ்ரூடியோக்களும் இடம்பெயர்ந்திருந்தன. பலருக்கு அடையாள அட்டைக்காக எடுத்த சிறு படமே உறவின் ஒரே முகமாக மிஞ்சியது.

2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோருக்கு இறப்புப் பதிவு செய்ய வழி தந்தது. 2016 இன் திருத்தம் காணாமைச் சான்றிதழுக்கு இடம் தந்தது. 2017 மார்ச்சில் முல்லைத்தீவில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் தாய்மார் ஏந்தியிருந்தவை பெரிதாக்கி அச்சிட்ட படங்கள். வெயில் பட்டு அவை மங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நீல நிறம் மட்டும் எஞ்சி நின்ற ஒரு முகத்தைக் கண்டபின், மையின் தரம் பற்றிப் பேசுவது எனக்கு வெறும் தொழில்நுட்பப் பேச்சாகத் தோன்றவில்லை.

ஆகவே எதை வாங்கலாம்?

மையைத் தெறித்து அச்சிடும் இங்ஜெட் முறை ஒரு தற்செயலில் பிறந்தது. 1977 இல் ஜப்பானின் கனன் ஆய்வுகூடத்தில், சூடான பற்றாசுக்கோல் ஒரு ஊசிக்குழலில் பட்டு மை தெறித்ததாம். 1988 இல் எச்பி நிறுவனத்தின் டெஸ்க்ஜெட் ஏறத்தாழ 1,000 டொலருக்கு வந்தது. பின்னர் பொறியின் விலை வீழ்ந்தது. மையின் விலை ஏறியது. மலிவான பொறியோடு வரும் சிறிய கார்ட்ரிஜ்ஜில் சில மில்லிலீற்றர் மையே இருக்கும். 2010 இல் எப்சன் இந்தோனேசியாவில் அறிமுகம் செய்த மைத்தொட்டிப் பொறி இந்தக் கணக்கை மாற்றியது. அதில் மையைக் குப்பியில் வாங்கி ஊற்றிக் கொள்ளலாம். ஒரு குப்பி சில ஆயிரம் பக்கங்களுக்கு வரும். வாங்கும்போது விலை கூட. இரண்டாம் ஆண்டில் அது மலிவு. பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு, தாளில் 5 வீதம் அளவே எழுத்து இருக்கும் என்று கொண்டது. முழுப் படம் அச்சிட்டால் அந்தக் கணக்கு செல்லாது.

நனைந்தால் நிற்குமா என்ற கேள்விக்கு வருவோம். மையில் இரு வகை. சாய மை நீரில் கரையும், வெளிச்சத்திலும் காற்றிலும் விரைவில் மங்கும். நிறமித் துகள் மை நீரைத் தாங்கும், நீண்டு நிற்கும். மைத்தொட்டிப் பொறிகள் பலவற்றில் கறுப்பு நிறமி மையாகவும் மற்ற நிறங்கள் சாய மையாகவும் இருக்கும். வாங்கும்போது இதைக் கேட்டே வாங்குங்கள். லேசர் பொறியின் டோனர் தாளில் உருகி ஒட்டும் பிளாஸ்ரிக் தூள். நீர் அதைக் கரைக்காது. ஆனால் பிவிசி உறைக்குள் நாட்பட வைத்தால் எழுத்து உறையில் ஒட்டிக்கொள்ளும்.

முள்ளியவளை போன்ற இடத்துக்கு இரண்டு கவலைகள் கூடுதல். சோளகக் காலத்து வறட்சியில், வாரக் கணக்கில் பயன்படுத்தாத இங்ஜெட் பொறியின் தலை காய்ந்து அடைத்துவிடும். வாரம் ஒரு நிறப் பக்கமாவது அச்சிட வேண்டும். லேசருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அச்சிடும்போது அது பல நூறு வாட் மின்சாரம் இழுக்கும். வீட்டுச் சிறு யுபிஎஸ் தாங்காது. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே மாதத்தில்தான் தாள் இல்லாமல் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. நல்ல தாள் ஒரு கட்டை வீட்டில் வைத்திருப்பது தப்பில்லை.

என் தெரிவு இது. பத்திரங்கள் மட்டும் என்றால், எப்போதாவது பயன்படுத்தும் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை லேசர். பிள்ளைகளின் படிப்பும் நிறமும் சேர்ந்தால், நிறமிக் கறுப்பு மை கொண்ட மைத்தொட்டிப் பொறி. இரண்டில் எதுவானாலும் மேலே கண்ணாடித் தட்டுள்ள ஸ்கானர் சேர்ந்திருக்க வேண்டும். தாளை உள்ளே இழுத்துக் கொள்ளும் ஸ்கானரில் கிழிந்த உறுதியையும் பழைய படத்தையும் வைக்க முடியாது. பத்திரத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகளிலும், பழைய படத்தை 600 புள்ளிகளிலும் பிரதி செய்யுங்கள். வீட்டில் எடுத்த பிரதி சட்டப்படி உறுதிப்படுத்திய பிரதி ஆகாது. அதில் உள்ள இலக்கமும் திகதியும்தான் உறுதிப்படுத்திய பிரதிக்கு வழிகாட்டும்.

படங்களை அச்சிடுவதற்கென்று தனிப் பொறி வாங்க வேண்டாம் என்பேன். ஸ்ரூடியோவின் இரசாயன முறைப் படம் பெரும்பாலும் செலவிலும் குறைவு, ஆயுளிலும் கூடுதல். 2011 இல் ஜப்பான் சுனாமிக்குப் பின் ஃபுஜிஃபில்ம் நிறுவனமும் தொண்டர்களும் சேற்றில் கிடந்த படங்களைத் தண்ணீரில் கழுவி மீட்டார்கள். மீண்டவை பெரும்பாலும் அந்தப் பழைய முறைப் படங்கள். சாய மையில் வீட்டில் அச்சிட்டவை நீரில் கரையக் கூடியவை.

2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கில் பிரதி செய்து உலகெங்கும் கிடைக்கச் செய்திருக்கிறது. குடும்பப் பத்திரத்துக்கும் படத்துக்கும் அந்தப் பணியைக் குடும்பமே செய்ய வேண்டும். பழைய நொத்தாரிசு முறையைப் பின்பற்றுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம், ஒன்று கடல் கடந்த பிள்ளையிடம். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். யாருடைய முகம் என்று சொல்லக் கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதை எழுதிவிடுங்கள்.