ரங்கூன், மூன்றரை நாள்

எங்கள் எண்ணூர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 1964-இல் அப்பத்தா பர்மாவின் ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. மூடியின் உட்புறம் ஒட்டிய பர்மியச் செய்தித்தாள் பழுப்பேறி, தொட்டாலே உதிர்கிறது.

சென்னைக்கும் ரங்கூனுக்கும் சுமார் 1,000 கடல் மைல். மணிக்கு 12 கடல் மைல் ஓடும் கப்பலுக்கு மூன்றரை நாள். "மூணு ராத்திரி வாந்தி, நாலாம் நாள் விடியக்காலம் மெட்ராஸ் வெளிச்சம்" என்பார் அப்பத்தா. மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் வீடு, அடுக்களை, எல்லாமே.

பிழைப்புத் தேடித் தமிழர்கள் விரும்பிப் போன தூரம் அது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பான் குண்டு போட்டதும் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குத் தப்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அஸ்ஸாம் வரை காட்டுவழி நடந்தார்கள். எத்தனையோ பேர் வந்து சேரவே இல்லை. 1962-இல் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமல் போயின. மறுபடி கப்பல்.

வந்தவர்களுக்கு வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் குடியிருப்புகள் எழுந்தன. பாரிமுனையில் பர்மா பஜார் வந்தது. புளித்தண்ணீரும் வறுத்த பூண்டும் சேர்த்துக் கையால் பிசையும் பர்மிய நூடுல்ஸான அத்தோ, இன்று வடசென்னையின் சாப்பாடு.

வான்வழியில் சென்னையிலிருந்து ரங்கூன் சுமார் 1,750 கி.மீ. நேராகப் பறந்தால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. அப்பத்தா கடைசிவரை திரும்பிப் போகவில்லை. உங்கள் வீட்டில் ரங்கூன் பெரியவர்கள் இருந்தால், கப்பலின் பெயரையும் ஏறிய நாளையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.