முதுமரப் பராமரிப்பு (சென்னையும் புறநகரும்)

முதுமரப் பராமரிப்பு என்பது முழு வளர்ச்சி அடைந்த நிழல் மரங்களின் நலத்தைச் சோதித்தல், கவாத்து செய்தல், வேர்ப்பகுதியைக் காத்தல், சாயும் நிலையில் உள்ள மரங்களை இனங்கண்டு தாங்கு கொடுத்தல் அல்லது அகற்றுதல் ஆகிய பணிகளைக் கொண்ட தொழில்துறையாகும். கன்று நடுதலும் தோட்டம் அமைத்தலும் இதில் அடங்கா. ஆண்டின் பெரும்பகுதி வெப்பமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் காணும் சென்னையின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய புறநகர்களிலும் இதன் தேவை மிகுதி. அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர், வேளச்சேரி, தாம்பரம் ஆகிய இடங்களின் தெருவோரங்களிலும் வீட்டு வளாகங்களிலும் பல பத்தாண்டு வயதுடைய மரங்கள் நிற்கின்றன.

பழைய நூல்களில் மரப் பகுப்பு

தாவரங்களைப் பகுத்து நோக்கும் மரபு தமிழில் மிகப் பழமையானது. தொல்காப்பிய மரபியல், வயிரம் வெளிப்புறத்தே அமைந்தவற்றைப் புறக்காழ் எனவும், உட்புறத்தே அமைந்தவற்றை அகக்காழ் எனவும் பிரித்து, முன்னவற்றைப் புல் என்றும் பின்னவற்றை மரம் என்றும் வகுத்தது. பனை, தென்னை, மூங்கில் ஆகியன புல் வகையில் சேரும். வேம்பு, புளி, ஆல் ஆகியன மர வகையில் சேரும். ஓலை, மடல், ஈர்க்கு முதலிய உறுப்புப்பெயர்கள் புல்லுக்கும், இலை, தளிர், சினை முதலியவை மரத்துக்கும் உரியனவாக அந்நூல் தனித்தனியே தொகுத்துரைக்கிறது.

இப்பகுப்பு இன்றைய தாவரவியலின் ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவுக்கு நெருக்கமானது. பராமரிப்புப் பணிக்கும் நேரடியாக உதவுவது. அகக்காழ் மரங்களில் பட்டைக்கு அடியில் வளர்படலம் உண்டு. கிளையை முறையாக வெட்டினால் அதிலிருந்து புதுத் திசு வளர்ந்து வெட்டுவாயை மூடும். பனையிலும் தென்னையிலும் அத்தகைய படலம் இல்லாததால் தண்டில் ஏற்பட்ட காயம் மூடாது. ஆணி அடித்த துளையும் ஏறுவதற்குக் கொத்திய படியும் கடைசிவரை அப்படியே இருக்கும். குருத்து ஒன்றே என்பதால் அது பட்டால் மரமும் பட்டுப்போகும். எனவே பனை வகையில் காய்ந்த மட்டை, பாளை, குலை ஆகியவற்றைக் கழிப்பதே கவாத்து. பச்சை மட்டைகளைக் கழித்துக் குடுமியாக விடுவது மரத்தை நலிவிக்கும்.

மர மருத்துவம்

வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை (கி.பி. 6-ஆம் நூற்றாண்டு) மர மருத்துவத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. நோயுற்ற பகுதியைக் கத்தியால் நீக்கி, வாய்விடங்கம், நெய், சேறு ஆகியவற்றைக் குழைத்துப் பூசி, பால் கலந்த நீர் ஊற்றுமாறு அது கூறுகிறது. சுரபாலர் இயற்றிய விருட்சாயுர்வேதம் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் சுவடி இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள போட்லியன் நூலகத்தில் இருந்தது. நளினி சாதலே மொழிபெயர்க்க, செகந்திராபாத்தைச் சேர்ந்த ஆசிய வேளாண் வரலாற்று அறக்கட்டளை 1996-இல் அதை வெளியிட்டது. மர நோய்களை வாதம், பித்தம், கபம் ஆகியவற்றால் உள்ளிருந்து தோன்றுவன என்றும், பூச்சி, குளிர் முதலிய புறக் காரணங்களால் வருவன என்றும் சுரபாலர் பிரிக்கிறார். முறிந்த கிளையை ஒட்டவைத்து, பட்டைக் குழம்பு பூசி, வைக்கோல் கயிற்றால் கட்டும் முறையும் அந்நூலில் உண்டு.

நடைமுறையில் முதுமரங்களுக்குக் கிடைத்த பெரும் காப்பு தலமரம் என்ற வழக்கமே. மயிலாப்பூரில் புன்னை, திருவான்மியூரில் வன்னி, திருவொற்றியூரில் மகிழம் எனக் கோயில்தோறும் ஒரு மரம் வெட்டுக்கு அப்பாற்பட்டதாயிற்று. பிற்காலத்தில் அடிமரத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட சிமெண்ட் மேடைகள் மட்டும் இவ்வழக்கத்துக்கு ஒவ்வாத சேர்க்கை.

நவீனத் துறை

மரப் பராமரிப்பைத் தனித் தொழிலாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜான் டேவி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பணியாற்றிய இவர், மர மருத்துவர் என்ற பொருள்படும் தலைப்பில் 1901-இல் நூல் வெளியிட்டார். அவர் தலைமுறையினர் பொந்துகளைச் சுரண்டிச் சிமெண்ட் இட்டு அடைத்தனர். இன்றைய பன்னாட்டு மரவளர்ப்பியல் சங்கத்தின் தொடக்கம் 1924.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுக அறுத்து ஆராய்ந்து, மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் தடுப்புகள் எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது என்று நிறுவினார். 1977-இல் வெளியான இவ்விளக்கத்துக்குப் பின், பொந்துக்குச் சிமெண்ட் அடைப்பதும் வெட்டுவாயில் தார் பூசுவதும் பயனற்றவை என்பது தெளிவாயிற்று. பொந்தைச் சுரண்டும்போது மரம் எழுப்பிய தடுப்பும் உடைந்து, அழுகல் புதுக்கட்டைக்குப் பரவுகிறது.

மரங்களும் புயலும்

குல்மோகர் மடகாஸ்கரிலிருந்தும், தூங்குமூஞ்சி மரம் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. விரைவில் நிழல் தருவதால் இவையும் இயல்வாகையும் சாலையோரங்களை ஆக்கிரமித்தன. வேம்பு, புங்கம், பூவரசு, புன்னை, நாவல், மகிழம் ஆகிய மண்ணின் மரங்கள் பின்தள்ளப்பட்டன.

2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவும் பெரும் எண்ணிக்கையில் மரங்களை இழந்தது. தெருக்களில் விழுந்தவற்றுள் குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகிய அயல் மரங்கள் மிகுதி.

காற்றின் வேகம் இரட்டித்தால் மரத்தின் மீதான விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். மழையில் ஊறிய மண் அந்நேரம் வேரைப் பற்றும் வலுவை இழந்திருக்கும். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே, கிளைவிரிவுக்கு அப்பாலும் படர்கின்றன. மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ ஒருபுறம் பள்ளம் தோண்டினால் அப்பக்கத்து வேர்கள் அறுபடும். இலை உதிராமல் சில ஆண்டுகள் பசுமையாக நிற்கும் அம்மரம், அடுத்த பெரும்புயலில் வேரோடு சாயும்.

பணிமுறை

சோதனை அடிமரத்தில் தொடங்கும். வேர்க்கழுத்தில் முளைத்த தட்டுக் காளான், மண்ணில் புது வெடிப்பு, திடீர்ச் சாய்வு, கவட்டைப் பிளவு ஆகியவை அபாயக் குறிகள். மரச்சுத்தியலால் தட்டி உள்ளீட்டை அறிவது எளிய முறை. ஒலி அலைக் கருவியும், நுண் ஊசி செலுத்தித் தடையை அளக்கும் கருவியும் உள் அழுகலின் அளவைக் காட்டும்.

கனமான கிளையை மூன்று வெட்டில் நீக்குவர். கிளைக்கழுத்திலிருந்து சற்றுத் தள்ளி அடிப்புறம் ஒரு வெட்டு, அதற்கும் அப்பால் மேற்புறம் ஒரு வெட்டு. பாரம் இறங்கியபின், கழுத்தின் புடைப்பைச் சேதப்படுத்தாமல் மூன்றாவது வெட்டு. இவ்வாறு செய்தால் பட்டை உரியாது. ஒருமுறையில் பசுங்கிளைகளின் கால்பங்குக்கு மேல் கழிப்பதில்லை. முதுமரங்களுக்கு இதுவும் அதிகம். மின்கம்பிக்காக ஒருபுறம் மட்டும் வெட்டுவது பாரத்தைச் சாய்க்கும். உச்சியை மொட்டையடித்தால் அடர்ந்து முளைக்கும் போத்துகள் மேலோட்டமாகவே ஒட்டியிருந்து, காற்றில் முறியும். பணியை ஐப்பசி மழைக்குப் பல வாரங்கள் முன்னரே முடிப்பது நன்று.

வேர்ப்பகுதியில் சிமெண்ட் தளத்தைப் பெயர்த்து, மண்ணைத் தளர்த்தி, சருகு மூடாக்கு இடுவர். மரத்தைச் சுற்றி 1 மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது.

அடையாறு ஆலமரம்

பிரம்மஞான சபை 1882-இல் அடையாற்றில் தலைமையகத்துக்கு இடம் வாங்கியது. அதன் தோட்டத்திலுள்ள ஆலமரத்தின் வயது ஏறத்தாழ 450 ஆண்டு என்பது மதிப்பீடு. தாய்மரம் 1989-ஆம் ஆண்டுப் புயலில் வீழ்ந்தது. மண்ணில் ஊன்றியிருந்த விழுதுகள் தனித்தனி அடிமரங்களாகி மரத்தைத் தாங்கி வருகின்றன. கொல்கத்தாவை அடுத்த ஹவுராவிலுள்ள பெரிய ஆலமரமும் இவ்வாறே பிழைத்தது. 1864, 1867-ஆம் ஆண்டுப் புயல்களில் சேதமுற்றுக் காளான் பற்றிய அதன் நடுமரம் 1925-இல் நீக்கப்பட்டது. இளம் விழுதுகளை மண்ணுக்கு வழிகாட்டி இறக்குதல் ஆலின் பராமரிப்பில் முக்கியப் பணி.

இன்றைய நிலை

மாநகராட்சியின் பூங்காத் துறை, மின்வாரியம், தனியார் பணியாளர்கள் ஆகியோர் மரப்பணிகளைச் செய்கின்றனர். பொது இடத்து மரங்களை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவை. பன்னாட்டுச் சங்கத்தின் சான்று பெற்றோர் இந்தியாவில் சிலரே.